முந்நூறு நாரைகள்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், நீலமங்கலம் என்றொரு ராஜ்யம் இருந்தது. அதன் சேனாதிபதி வீரகேது. போருக்குப் போனால் தோற்று வந்ததில்லை.

ஒருமுறை வெற்றியோடு திரும்பும் வழியில் ஒரு மாய ஏரி குறுக்கிட்டது. அங்கே பரிசல் ஓட்டிய செங்கமலம் என்ற பெண், பௌர்ணமிக்கு முன் ஏரியில் கால் வைப்பவர்கள் நாரையாகிவிடுவார்கள் என்று எச்சரித்தாள். சுற்றிப் போனால் மூன்று நாள் ஆகும். தலைநகரில் வெற்றி விழா மறுநாள். வீரகேது வீரர்களை ஏரியில் இறங்கச் சொன்னார். முதலில் இறங்கிய முந்நூறு பேரும் நடு ஏரிக்குப் போகுமுன் வெள்ளை நாரைகளாகிப் பறந்துபோனார்கள்.

வீரகேதுவும் அவருக்குக் கீழிருந்த இரண்டு தளபதிகளும் கலந்து பேசினார்கள். பரிசல்காரிதான் வழிகெடுத்தாள் என்று ராஜாவிடம் சொல்வதாக முடிவாயிற்று. செங்கமலத்தைச் சங்கிலி போட்டுச் சபைக்குக் கொண்டுவந்தார்கள்.

விசாரணை நாளில் முந்நூறு நாரைகளும் அரண்மனைக் கூரையில் வந்து உட்கார்ந்தன. கீழே வீரர்களின் மனைவிமார் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள்.

ராஜா நடந்ததைக் கேட்டார். யானைப்படைத் தளபதி, அந்தப் பெண் எச்சரிக்கவே இல்லை என்றார். உடனே நூறு நாரைகள் எழும்பி வடக்கே பறந்தன. குதிரைப்படைத் தளபதி, வீரர்கள் தாங்களாகவே இறங்கினார்கள் என்றார். இன்னும் நூறு பறந்தன. சபையில் யாராவது பொய் சொன்னால் அவை வீட்டை மறந்துவிடுகின்றன என்பது எல்லோருக்கும் புரிந்துபோயிற்று.

வீரகேதுவின் முறை வந்தது. அப்போது அந்த மனைவிமாரில் நல்லக்காள் என்ற ஒருத்தி முன்னால் வந்து, "ஐயா, தண்ணியில் இறங்கும்போது என் வீட்டுக்காரர் ஏதாவது சொன்னாரா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

வீரகேதுவுக்கு அவள் கணவனின் முகம் நினைவிருந்தது.

"சொல்லவில்லை அம்மா. திரும்பி என்னை ஒருமுறை பார்த்தான். நான் போ என்றேன்."

தளபதிகள் அவருடைய மேலாடையைப் பிடித்து இழுத்தார்கள். அவர் விடுவித்துக்கொண்டு ராஜாவின் பக்கம் திரும்பினார்.

"மகாராஜா, இந்தப் பெண் எச்சரித்தாள். என் காதில் விழுந்தது. விழா தவறிவிடுமே என்று நான்தான் இறக்கினேன். வேறு யார் மேலும் குற்றமில்லை."

கூரையிலிருந்து ஒவ்வொரு நாரையாக இறங்கியது. தரை தொட்டதும் மனிதனானது. கொஞ்ச நேரத்தில் வடக்கிலிருந்து இருநூறும் திரும்பி வந்தன. நல்லக்காளின் கணவன் ஈரத் துணியோடு அவள் முன்னால் நின்றான்.

ராஜா செங்கமலத்தின் சங்கிலியை அவிழ்க்கச் சொல்லி, அந்த ஏரியையே அவளுக்குக் கொடுத்தார். பொய் சொன்ன இருவரையும் பதவியிலிருந்து நீக்கினார். வீரகேதுவின் வாளை வாங்கிக்கொண்டு, மூன்று வருஷம் செங்கமலத்திடம் பரிசல் தள்ளும்படி தீர்ப்புச் சொன்னார். வீரகேது வணங்கி ஏற்றுக்கொண்டார்.

வெறுங்கையோடு அவர் வெளியே வந்தபோது, வாசலின் இருபுறமும் முந்நூறு பேரும் வரிசையாக நின்று வணக்கம் வைத்தார்கள். அப்படி நிற்கச் சொல்லி அவர்களுக்கு யாரும் கட்டளையிடவில்லை.