உளுந்து இல்லாத மழை

கொட்டாவிப்பட்டியில் மூளைக்குப் பஞ்சம் என்று யாரும் குறை சொல்லிவிட முடியாது. எடுத்துச் செலவழித்தால்தானே தீரும்! அந்த ஊர்த் திரவியத்துக்கு மாமன் மகள் பொன்னரசியைக் கட்டிக்கொள்ள ஆசை. மாமா அப்பாத்துரை ஒரே போடாகப் போட்டார். கதை சொல்லிப் பேர் வாங்கப்போகிறேன் என்று வேலைவெட்டி இல்லாமல் திரிகிறாயே, வெள்ளிக்கிழமைக்குள் காதால் கேட்கிற மாதிரி ஒரு கதை பதிவு செய்து கொண்டுவா, பிடித்திருந்தால் பெண் தருகிறேன், இல்லாவிட்டால் அவளைத் தூத்துக்குடி மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிடுவேன் என்றார்.

திரவியம் ஆடிப்போனான். கூட்டாளிகள் சங்கிலியும் வைகுண்டமும் செல்போனில் யோசனை தேடி உட்கார்ந்தார்கள். இணையத்தில் யாரோ ஒரு புண்ணியவான் ஒலிக்கதை செய்யும் வித்தையெல்லாம் எழுதிவைத்திருந்தான். படிக்கிறவனுக்குப் புத்தி இருக்கும் என்று நம்பிவிட்டான், பாவம்.

கதையில் ராஜா குதிரையில் வருகிறார். குளம்புச் சத்தத்துக்குத் தேங்காய்ச் சிரட்டை வேண்டும் என்று போட்டிருந்தது. மூவரும் போய்க் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடும் குதிரையைப் பிடித்துவந்து, அதன் காலில் சிரட்டையைக் கட்டினார்கள். குதிரைக்கு இவர்களைவிட அறிவு அதிகம். சங்கிலியின் தொடையில் ஒன்று வைத்துவிட்டுத் தன் வீட்டைப் பார்க்கப் போய்விட்டது. அவன் அலறியது மட்டும் நன்றாகப் பதிவானது. அதையே ராஜாவின் முதல் வசனமாக வைத்துக்கொண்டார்கள்.

அடுத்தது மழை. எண்ணெயில் வடை பொரிகிற சத்தம் கேட்பவர் காதுக்கு மழையாகவே இருக்கும் என்று அதே புண்ணியவான் எழுதியிருந்தான். எதிரொலி வராமலிருக்கப் போர்வைக்குள் உட்கார்ந்து பதிவு செய்யவும் சொல்லியிருந்தான். அடுப்போடு மூவரும் ஒரே போர்வைக்குள் புகுந்தார்கள். வெளியே வந்தபோது மூவருக்கும் சேர்த்து ஒன்றரைப் புருவம் மிச்சமிருந்தது.

மறுபடி எண்ணெய் காய்கிற நேரம் பார்த்து, வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"சனியன், இந்த மழைச் சத்தத்துல நம்ம மழை எப்படிக் கேக்கும்?" என்று வைகுண்டம் தலையில் கைவைத்தான்.

"இதையே பதிவு பண்ணினா என்ன?" என்றான் சங்கிலி.

திரவியம் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "இதுல உளுந்து இருக்காடா? எவன் நம்புவான்? மாமா ஒண்ணும் முட்டாள் இல்ல."

மழை விடும்வரை காத்திருந்து வடை சுட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மாமா கதை கேட்டார். மழை வந்த இடத்தில் அலறியடித்துக்கொண்டு மாடிக்கு ஓடி, காயப்போட்டிருந்த வற்றலையெல்லாம் வாரிக்கொண்டு இறங்கினார். வெளியே வெயில் கொளுத்தியது. வடை விஷயத்தைச் சொன்னதும் மருமகனைக் கட்டிப்பிடித்துக் கண்கலங்கினார். இந்தக் குடும்பத்துக்குப் பொருத்தம் பார்க்க ஜோசியர் வேறு வேண்டுமா?

கல்யாணத்துக்கு மாமா ஒரே நிபந்தனைதான் வைத்தார். பந்தல் நனையக்கூடாது, ஆகவே சமையலில் வடை, அப்பளம் எதுவும் பொரிக்கக்கூடாது. சமையற்காரர் முனகிக்கொண்டே எண்ணெய்ச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தார்.

அப்படியும் முகூர்த்த நேரத்தில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. திரவியத்துக்கு வந்ததே கோபம்! கையில் எடுத்த தாலியைப் பொன்னரசியிடமே கொடுத்து, "கொஞ்சம் பிடி, எவனோ வடை சுடுறான், நிறுத்திட்டு வந்துடுறேன்" என்று எழுந்தான். மாலையும் கழுத்துமாக அவன் முன்னால், கூட்டாளிகள் பின்னால், குடையோடு மாமா கடைசியில். வீடு வீடாக மோந்துபார்த்துக்கொண்டே போய், கடைசியில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த டீக்கடைக்காரரைக் கையும் களவுமாகப் பிடித்தார்கள். அவர் பயந்துபோய் அடுப்பை அணைத்தார். கெட்ட நேரம், மழையும் நின்றது.

எல்லோரும் கைதட்டினார்கள். அப்பாத்துரை மட்டும் முகத்தைச் சுளித்தார்.

"அவசரப்பட்டுட்டீங்களே மாப்பிள்ளை. கண்மாய் பாதிதான் நிறைஞ்சிருக்கு. தாலியை அப்புறமா கட்டிக்கலாம், இன்னொரு ஈடு பஜ்ஜி போடச் சொல்லுங்க."