பள்ளம் உள்ள இடம்

சாலைகள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்த காலத்தில், ஆண்டுக்கொரு முறை அவை சாலைப் பணத்தில் பங்கு கேட்டு நிதியம்மாளின் வாசலில் கூடும். அம்மாள் நல்லவள். ஓரவஞ்சனை என்ற பேச்சே எழக்கூடாது என்று, பதவிக்கு வந்த அன்றைக்கே ஓர் ஆணை போட்டாள்: பள்ளம் உள்ள இடத்துக்கே முதல் பங்கு. வசதியில் தாழ்ந்து கிடக்கும் ஊர்களை மனத்தில் வைத்துச் சொன்னது அது. விளக்கம் சொல்லாமல், அளக்கும் வேலையை அளவு நாடாவிடம் விட்டுவிட்டாள். நாடாவுக்குத் தெரிந்த பள்ளம் ஒன்றே ஒன்றுதான்: தாரில் விழுகிற பள்ளம்.

அந்த ஆண்டு, மலையிலிருந்து ஒற்றையடிப் பாதையும் இறங்கி வந்தது. வராமல் தீராது. மேலே ஈச்சமேட்டில் மிச்சமிருந்தது பொம்மக்காவின் வீடு மட்டும். மற்றவர்கள் ஒவ்வொருவராக அடிவாரத்துக்குக் குடிபோய்விட்டார்கள். பலாப்பழத்தைத் தலையில் சுமந்துகொண்டு அவளும் எத்தனை காலம் இறங்குவாள்? பாதி வழியில் சுமையை இறக்கி வைத்து, பாதையிடமே சொல்லிவிட்டாள்.

"தைக்குள்ள வண்டி ஏறி வந்தா இருப்பேன். இல்லேன்னா நானும் கிளம்பிருவேன், சாமி. கோவிச்சுக்காதே."

ஆள் நடக்காவிட்டால் தன் கதி என்னவென்று பாதைக்குத் தெரியும்.

வாசலில் முதலில் நின்றது நால்வழிச் சாலை. போன வருஷம் போட்ட தார் மழைக்கு முன்பே பெயர்ந்திருந்தது. கூச்சமே இல்லாமல் பள்ளங்களைக் காட்டியது. அதில் ஒன்றைக் கிணறு என்றே சொல்லலாம். நாடா குனிந்து குனிந்து அளந்து, பாதிக்கு மேல் அதற்கே ஒதுக்கியது. மீதியை நகரத்துச் சாலைகள் பிரித்துக்கொண்டன.

கடைசியாகப் பாதையின் முறை.

"உன் பள்ளம் எங்கே?"

"பள்ளம் இல்லைங்க. தாரே இல்லையே."

"அப்போ நல்லாத்தானே இருக்கே" என்றது நாடா.

நால்வழிச் சாலை சிரித்தது. "கொடுத்து வச்சவன்டா தம்பி நீ. என்னைப் பாரு, உடம்பெல்லாம் கிழிசல்."

"கிழியறதுக்கும் ஒரு சட்டை வேணும்ல, அண்ணே."

அந்தப் பேச்சு உள்ளேயிருந்த நிதியம்மாள் காதில் விழுந்தது. வெளியே வந்து, பொம்மக்காவின் கதை முழுவதையும் கேட்டு, உண்மையாகவே வருந்தினாள். தான் சொன்ன பள்ளம் அதுவல்ல என்று நாடாவைக் கடிந்துகொண்டாள். அந்த மலைக்கே முதல் பங்கு, நேரில் போய்ப் பார்த்து வா என்றாள். பாதை துள்ளிக்கொண்டு மலையேறியது.

ஆனால் நாடா கிளம்புவதற்கும் ஒரு முறை உண்டு. உத்தரவு எழுத்தில் வர வேண்டும். எழுத்துக்குக் கையெழுத்து வேண்டும். கையெழுத்துப் போட்டவர் மாற்றலாகிப் போனால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். தை போயிற்று. மாசியில் பொம்மக்கா சட்டிபானையைக் கட்டினாள். இறங்கும்போது எங்கேயும் உட்காரவில்லை.

மழைக்காலம் கழிந்தபின் நாடா வந்து சேர்ந்தது. அடிவாரத்தில் நின்று பாதையைத் தேடியது. இடுப்பளவுக்குப் புல் நின்றது. இங்கேதான் இருக்கிறேன் என்று அடியிலிருந்து பாதை சொல்லிக்கொண்டே இருந்தது. காலடிச் சத்தம்தானே பாதைக்குக் குரல்? அது மேலே வரவில்லை.

நாடா புல்லின்மேல் தன்னை ஒருமுறை விரித்துப் பார்த்து, சுருட்டிக்கொண்டு திரும்பியது. நிதியம்மாளிடம் நிம்மதியாகச் சொன்னது:

"அங்கே குறை சொல்ல ஓர் ஆள்கூட இல்லை, அம்மா. எல்லாம் சமமாகிவிட்டது."