கோரையைக் குளிப்பாட்டிய நீர்நாய்

மூங்கில் காட்டுக் குளம் நாறியது. நரித் தலைவரின் விருந்துக்கூடத்துக் கழிவு முழுவதும் அதில்தான் விழுந்தது. நாற வைத்தவரே மூக்கைப் பொத்திக்கொண்டு, “மழைக்கு முன்னே குளத்தை மண் கொட்டி மூடுங்கள்!” என்று உத்தரவு போட்டார். தலைவர்கள் எந்தக் காட்டிலும் இப்படித்தான்.

குளம் போனால் தவளைகள் எங்கே போகும்? கேட்க நாதியில்லை.

கேட்டது துடுப்பாயி என்ற நீர்நாய். காட்டுக் கல்லூரியில் சூழல் பொறியியல் இளநிலை, கடைசி வருஷம். செடிகொடிகளைக் கொண்டே நீரையும் நிலத்தையும் சீராக்கும் படிப்பு அது.

“மூடாதீங்க தலைவரே! கழிவு வர்ற வாய்க்கால்ல கோரை நட்டுத் தண்ணியைத் தெளிய வைக்கிறேன்!”

நரி விழுந்து விழுந்து சிரித்தது. “புல்லு சாக்கடையைக் கழுவுமா? நடும்மா, நடு! மழைக்குள்ள தெளியலேன்னா மண்ணுதான்!”

கூடப் படிக்கும் தவுடன் என்ற தவளை துணைக்கு வந்தது. இரண்டும் ஆற்றங்கரையில் கோரை பிடுங்கின.

நீர்நாய்க்குச் சுத்தம் பிறவிக் குணம். ஒவ்வொரு கோரையின் வேரையும் வெள்ளை வெளேரென்று ஆகும்வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவியது.

“என்னடி, கோரைக்கு மஞ்சள் நீராட்டா?” என்றது தவுடன்.

“நாத்தம் போக்க வந்த செடி நாறலாமாடா, சோம்பேறி?”

சோம்பேறி தன் பங்கைச் சேற்றோடு கொண்டுவந்து, சேற்றோடே நட்டது.

நாள்கள் ஓடின. துடுப்பாயி வாய்க்காலில் நட்ட வரிசைகள் மஞ்சளாகித் தலை சாய்ந்தன. குளம் தெளியவில்லை. காட்டுப்பன்றிகள் கரையில் மண் குவிக்கத் தொடங்கின. தவளைகள் முட்டைகளைப் பார்த்துப் பார்த்துக் கலங்கின.

ஆனால் தவுடன் நட்ட மூலை மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது!

துடுப்பாயிக்குப் பொறுக்கவில்லை. அங்கிருந்த கோரை ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தது. வேர் முழுக்கக் கறுப்பு வழவழப்பு. சட்டென்று தலையில் அடித்துக்கொண்டது.

“அழுக்கைத் தின்னுற நுண்ணுயிரெல்லாம் இந்த வழவழப்புலதானே குடியிருக்கு! பரீட்சையில பக்கம் பக்கமா எழுதினேன். நட வந்த இடத்துல அதுங்க வீட்டையே இடிச்சுட்டேனே!”

“அப்போ நான் சோம்பேறி இல்லையா?”

“நீ சோம்பேறிதான். ஆனா உன் சேறு உழைக்குது!”

இரண்டும் வயிறு வலிக்கச் சிரித்தன. பிறகு குளத்தையே திரட்டின. ஒரு தவளை பாக்கியில்லை. புதுக் கோரையை ஆற்றுச் சேற்றோடு சுமந்து, பாட்டும் கூத்துமாக வாய்க்கால் முழுக்க நட்டன.

கோரை வேர் பிடித்துத் தழைத்தது. மேகம் கறுத்த அன்று நரி வந்தது. “கொட்டுங்கடா மண்ணை!”

பன்றிகள் குளத்துக்குள் குனிந்து பார்த்தன. அடியில் கிடந்த கூழாங்கல் கண்ணுக்குத் தெரிந்தது. “இவ்வளவு நல்ல தண்ணியிலயா? நீங்களே கொட்டிக்குங்க!” என்று குளத்தில் தொபுக்கென்று குதித்தன.

“அத்தோட விட மாட்டோம்! இனிமே உங்க கழிவு குளத்துப் பக்கமே வரக் கூடாது!” என்றது துடுப்பாயி. தவளைக் கூட்டம் நரியின் வாசலிலேயே குந்தியது. கத்தல் தாங்காமல் தலைவர் தன் கழிவுக்குத் தானே குழி தோண்டினார். வாழ்நாளில் அவர் செய்த முதல் வேலை! அன்று கொட்டிய மழையில் குளம் நிரம்பியது. கரையெங்கும் கும்மாளம்.

அழுக்குப் படாத படிப்பு ஊரைக் காக்காது. சேற்றில் இறங்கி, பிழையைத் திருத்தி, கூட்டத்தோடு நிற்கும் படிப்பே காக்கும்.