எல்லாருக்கும் ஒரே பேர்

ஆஸ்பத்திரி வெப்சைட்டில் ஒருவருடைய ரத்தப் பரிசோதனை முடிவு இன்னொருவருக்குத் தெரிந்தது. அதை உருவாக்கிய கம்பெனியின் சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்ட் சபாநாயகம், மீட்டிங்கில் கான்ட்ராக்ட் ஊழியர் மெர்லினைப் பிடித்துக்கொண்டார்.

"உன் வேலைதான் இது. இல்லேன்னா இப்பவே காரணத்தைக் காட்டு."

"உங்க போன்ல லாகின் பண்ணுங்க சார்."

அவர் செய்தார். பிறகு அவளும் தன் போனில் லாகின் செய்தாள். அவர் பக்கத்தைப் புதுப்பித்ததும், 'வணக்கம், மெர்லின்' என்று வந்தது.

"நோயாளி பேர் குளோபல் வேரியபிள்ல இருக்கு சார். சர்வர் முழுக்க எல்லாருக்கும் பொதுவா ஒரே பெட்டி மாதிரி. கடைசியா வந்தவங்க பேர்தான் எல்லாருக்கும். ஃபங்ஷனுக்குள்ள லோக்கலா வச்சா அவங்கவங்களுக்குத் தனி."

அந்த புரோகிராம் ஃபைலைப் பெரிய திரையில் திறந்தாள். எழுதியவர் பெயர் முதல் வரியில் இருக்க வேண்டும் என்பது அவரே போட்ட சட்டம். இருந்தது: சபாநாயகம்.

"சரி, தப்பு டீமோடது. திருத்தி என் பேர்ல ஏத்து."

"தப்புன்னா குளோபல், பாராட்டுன்னா லோக்கலா சார்?"

அறையே சிரித்தது. மறுநாள் காலை எல்லாருடைய ஐடி கார்டுக்கும் ஆபீஸ் கேட் திறந்தது, அவளுடையதைத் தவிர.