ஜன்னலோரக் கட்டில்

திண்டுக்கல்லில் முதுகுத்தண்டைக் கையாலேயே சொடுக்கெடுத்துச் சரிசெய்கிற கைரோபிராக்டிக் டாக்டர் ஆளவந்தாருக்குப் பெயரும் பெரிது, வாங்கிய கேடயங்களை அடுக்கிய கண்ணாடி பீரோவும் பெரிது. அது கிளினிக்கின் ஒரே ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது.

உதவியாளர் சகாயமேரி புதிதாகக் கல்யாணமானவள். கணவன் சவரிமுத்து டவுன் பஸ் டிரைவர். விடியுமுன் கிளம்பிவிடுவான், இவள் வீடு திரும்பும்போது அசந்து தூங்கிக்கொண்டிருப்பான். பஸ் கிளினிக்கைத் தாண்டும்போது மட்டும் இரண்டு தடவை ஹார்ன் அடிப்பான். இவள் பீரோவைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள்.

ஒருநாள் டாக்டர் முழங்கினார். "கூட்டம் தாங்கல. ரூமும் இதேதான், நேரமும் இதேதான், உதவிக்கும் நீ ஒருத்திதான். நாளைக்கு இன்னொரு கட்டில் போட்டாகணும். வலி இருக்கிறவங்களைத் தவிர யாரும் உள்ள இடத்தை அடைக்கக்கூடாது. முடியலேன்னா வேலைக்கு வராதே!"

"போட்டுடலாம் சார்."

மறுநாள் புதுக்கட்டில் ஜன்னலோரம் கிடந்தது. பீரோ வராந்தாவில் நின்றது.

"என் கேடயத்தையெல்லாம் யாரைக் கேட்டும்மா வெளியே தள்ளினே?"

"கேட்டுட்டேன் சார். அதுங்களுக்கு எங்கயும் வலிக்கலையாம்."

காத்திருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். டாக்டரும் வேறு வழியில்லாமல் சிரித்துவைத்தார்.

அப்போது ஹார்ன் இரண்டு தடவை கேட்டது. மேரி ஜன்னலுக்கு ஓடினாள். கழுத்தைத் திருப்ப முடியாமல் புதுக்கட்டிலில் படுத்திருந்த பெரியவர், "யாரும்மா அது?" என்று ஆர்வத்தில் திரும்பியே விட்டார்.

"பாத்தீங்களா என் கைராசியை!" என்றார் டாக்டர்.

பஸ் முனை திரும்பி மறைந்த பிறகும் மேரி ஜன்னல் கம்பியை விடவில்லை.