சாவி கேட்ட தளபதி

எதிரி படையெடுத்து வரும் வேளையில் செம்மலை அரசருக்கு உதவ நட்பு நாடு அனுப்பிய தளபதி ரணதீரர், மதிலைவிட வாசல்களையே அதிகம் பார்த்தார். மூன்றாம் நாள் சபையில், கோட்டைச் சாவியைத் தராவிட்டால் வாசல் காவலன் ஒச்சப்பனின் தலை உருளும் என்றார். நட்பு முறியுமோ என்ற பயத்தில் அரசர் மறுக்கத் துணியவில்லை.

ஒச்சப்பன் சாவியை நீட்டினான்.

"வாங்கிக்கோங்க ஐயா. சாவி வச்சிருக்கிறவன் பெண்டாட்டி பிள்ளைகளோட கோட்டைக்குள்ளதான் குடியிருக்கணும். அது எங்க வழக்கம். என் வீட்டைக் காலி பண்ணிட்டேன். உங்க வீட்டம்மா எப்ப வர்றாங்க?"

தளபதியின் கை பாதியில் நின்றது.

"அவர்களா? இங்கேயா? எதிரி புகுந்தால் யார் காப்பது?"

"அதுக்குத்தானே ஐயா நீங்க வந்திருக்கீங்க?"

அரசர் அரியணையிலிருந்து இறங்கி வந்து, சாவியை ஒச்சப்பன் இடுப்பிலேயே செருகினார்.