பரிமளாவின் வலது கை

பெரம்பூரில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் நளினி பேஸ் கிடார் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். வயது முப்பத்தாறு. அவரிடம் வேலை கற்றுக்கொள்ள வந்த வைத்தியலிங்கத்துக்கு அறுபத்தொன்று. முப்பத்து நான்கு வருஷம் மின்சார வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் நளினியை மாஸ்டர் என்று கூப்பிட்டார். நளினி அவரை சார் என்றார். இரண்டு பேருக்கும் அதில் கூச்சம் இருக்கவில்லை.

இரண்டாம் வருஷம், முதல் முறையாக ஒரு கிடாரை முழுக்க அவர் பொறுப்பில் விட்டார் நளினி. மெல்லிசைக் குழு ஒன்றில் பேஸ் வாசிக்கும் பரிமளாவுக்காக அது. உடலுக்கு ஒரே துண்டு வாகை மரம். வைத்தியலிங்கம் இரண்டு மாதம் இழைத்து, தேய்த்து, கழுத்தையும் பொருத்திவிட்டார். பிக்கப் மட்டும் பாக்கி.

கம்பியின் அதிர்வைக் கரண்டாக மாற்றி, சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்புக்கு அனுப்புகிற காந்தக் கட்டைதான் பிக்கப். பேசிவ் என்றால் வெறும் காந்தமும் செம்புச் சுருளும். ஆக்டிவ் என்றால் கூடவே ஒரு சின்ன சர்க்யூட், அதற்கு ஒரு பேட்டரி. பேட்டரிக்கு மரத்தின் முதுகில் பள்ளம் தோண்ட வேண்டும். தோண்டிய பிறகு மனசு மாறினால் அந்த மரம் அவ்வளவுதான்.

வைத்தியலிங்கத்தின் மனசு பேசிவ் பக்கம்தான் இருந்தது. ஒரு பாகம் கூடினால் ஒரு பழுது கூடும் என்பது அவர் வேலையில் பட்டுத் தெரிந்துகொண்டது. பேட்டரி போட்டுப் பெருக்கிய சத்தம் சுத்தமான சத்தம் இல்லை என்றும் ஒரு எண்ணம். இருந்தாலும் கேட்டார்.

“மாஸ்டர், ரெண்டுல எது நல்லது?”

நளினி உளி தீட்டிக்கொண்டிருந்தார்.

“ஞாயித்துக்கிழமை பரிமளாவுக்கு ஸ்ரீபெரும்புதூர்ல கச்சேரி. கூடப் போய்ட்டு வாங்க. அவங்க வலது கையைப் பாருங்க.”

“சத்தத்தைக் கேக்க வேண்டாமா?”

“கையைப் பாருங்க.”

ஒரு தொழிற்சாலையின் குடும்ப விழா அது. திறந்த மைதானம், தகரப் பந்தல், பின்னால் ஜெனரேட்டர். வைத்தியலிங்கம் மேடை ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கையைத்தான் பார்த்தார். ஆனால் காது சும்மா இருக்கவில்லை. பரிமளாவின் பழைய கிடார் பேசிவ். ஒவ்வொரு சுரமும் மரத்துக்குள்ளிருந்து வருவது போல் உருண்டு வந்தது. அவருக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது.

திங்கட்கிழமை வந்ததும் முடிவைச் சொன்னார். “பேசிவ்தான் மாஸ்டர்.” காலை பதினொரு மணிக்கு ஆரம்பித்து இருபத்திரண்டு பாட்டு, ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை என்று ரசித்து ரசித்து விவரித்தார். மூன்றாவது பாட்டில் சவுண்ட்காரர் பேஸைக் கூட்டியதையும், உடனே ஜெனரேட்டரின் இரைச்சல் கூடவே ஏறி வந்ததால் பழையபடி குறைத்துவிட்டதையும் சொன்னார். நளினி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

பிறகு சுவரில் மாட்டியிருந்த ஒரு பேசிவ் கிடாரை எடுத்து ஆம்ப்பில் சொருகிக் கொடுத்தார். ஸ்பீக்கரில் டிரம்ஸ் தாளம் ஒன்றை ஓடவிட்டார்.

“இதுக்கு மேல கேக்கற மாதிரி ஒரு பாட்டு வாசிங்க சார். ஆம்ப்பைத் தொடாதீங்க.”

வைத்தியலிங்கம் சுமாராக வாசிப்பார். பல்லவியை டிரம்ஸ் முழுங்கிவிட்டது. கம்பியை அழுத்தி இழுத்தார். இன்னும் அழுத்தினார். சரணத்தில் விரல் நுனி எரிய ஆரம்பித்தது. பாட்டு முடிந்தபோது விரல்களைப் பேண்ட்டில் தேய்த்துக்கொண்டு நின்றார்.

“அவங்க எத்தனை பாட்டுன்னு சொன்னீங்க?”

“இருபத்திரண்டு.”

“பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல அந்தக் கை என்ன செஞ்சது?”

கவனிக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் கவனித்திருந்தார். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் பரிமளா குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை வலது கையில் பிடித்து உருட்டிக்கொண்டே இருந்தார். ஒரு தரம்கூடத் திறந்து குடிக்கவில்லை. வெயிலுக்கு என்று வைத்தியலிங்கம் நினைத்திருந்தார். இடைவேளைக்கப்புறம் இரண்டு விரலில் பிளாஸ்திரி இருந்தது. அது பழக்கம் என்று நினைத்திருந்தார்.

“கிடார் கேட்டு வந்தப்ப அவங்க ஒரு வார்த்தை சொல்லலையே?”

“பேஸ் வாசிச்சா வலிக்கத்தான் செய்யும்னு நெனச்சுட்டு இருக்காங்க. இருபது வருஷமா.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அன்னைக்குக் கை குடுத்தாங்க, விரல் நுனியெல்லாம் வெடிப்பு. உங்களுக்கும்தான் குடுத்தாங்க.”

வைத்தியலிங்கம் கிடாரைத் திரும்பச் சுவரில் மாட்டினார். பிறகு தானே பேச ஆரம்பித்தார். மெதுவாகத் தொட்டு வாசிக்க வேண்டுமென்றால் சத்தத்தை வேறெங்காவது கூட்டியாக வேண்டும். ஆம்ப்பில் கூட்டினால் நீள வயரில் ஏறிய இரைச்சலும் சேர்ந்து கூடும். கிடாருக்குள்ளேயே சர்க்யூட் இருந்தால் லேசான தொடுதலும் வலுவாகக் கிளம்பும், இரைச்சல் அடங்கியே இருக்கும். நளினிக்குப் பாடம் நடத்துவது போல விரல் மடக்கிச் சொன்னார். நளினி முதல் தடவை கேட்கிறவர் மாதிரி தலையாட்டினார்.

வைத்தியலிங்கம் வாகை மரத்தைக் குப்புறப் போட்டு பென்சிலால் செவ்வகம் வரைந்தார். குடையும் மெஷினை எடுத்து ஓடவிட்டார். மரத்தின் மேல் இறக்கும் முன் கை நின்றது. மெஷினை அணைத்தார்.

“மாஸ்டர், நடுக்கச்சேரியில பேட்டரி தீந்துட்டா?”

“மாத்திக்குவாங்க சார்,” என்றார் நளினி. “விரல் தீந்துட்டா?”

வைத்தியலிங்கம் மெஷினை மறுபடி ஓடவிட்டு, பென்சில் கோட்டின் மேல் நேராக இறக்கினார்.